ஊட்டியில் மினி பிசி வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மினி பிசி என்றால் கையில் அடங்குகிற சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர். என் முதல் மினி பிசி ஆடி மாத மழையில் கூரியரில் வந்து சேர்ந்தது. ஃபெர்ன்ஹில் வீட்டில் பெட்டியைப் பிரித்து, மானிட்டரில் மாட்டி, பட்டனை அமுக்கினால் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. அரை மணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பில்லை நிதானமாகப் படித்தபோதுதான் 'பேர்போன்' என்ற வார்த்தை கண்ணில் பட்டது. வேலை நேர நினைவகமான ரேம் கிடையாது, எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி கிடையாது, விண்டோஸும் கிடையாது, வெறும் கூடு. விலை ஏன் அவ்வளவு மலிவு என்று அப்போதுதான் உறைத்தது. சரி என்று கோவைக்கு இறங்கி ரேம் வாங்கி வந்தேன். அது டெஸ்க்டாப் ரேம், நீளமாக இருந்தது, உள்ளே நுழையவே இல்லை. மினி பிசிக்குப் பெரும்பாலும் லேப்டாப்பில் போடுகிற குட்டை ரேம்தான். அதிலும் டிடிஆர்4 ரக ரேம் போடுகிற இடத்தில் டிடிஆர்5 ரகம் உட்காராது. மறுபடியும் கோவை.

கீழே இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, பைக்கை எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிட்டு வந்துவிடுவார்கள். நமக்கு ஒரு கேபிள் தப்பினால் பர்லியார் மலைப்பாதையில் இறங்கி ஏறவே ஒரு நாள் போச்சு. அதனால் இந்த ஊரில் ப்ராசசரை விட அதைச் சுற்றி இருக்கிற சாமான்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. மெயில், டாலி, யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு இவ்வளவுதான் வேலை என்றால் இன்டெல் என்100 மாதிரி ஒரு சின்ன ப்ராசசரே போதும். பெட்டி சின்னதானதே உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே தள்ளித்தான்: பவர் சப்ளை அடாப்டராக வெளியே வந்துவிட்டது, ஸ்பீக்கர் பெரும்பாலும் கிடையாது, கேமராவும் மைக்கும் கிடையாது. லேப்டாப்பிலிருந்து மாறுகிறவர்கள் முதல் நாள் ஜூம் மீட்டிங்கில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பழைய ஆபீஸ் மெஷின் வாங்குவது தப்பே இல்லை. கம்பெனிகள் கழித்துவிட்ட ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள், லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி எல்லாமே உழைக்கிற சாமான்கள். ஆனால் 'ஐ5, 16 ஜிபி' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஐ5-6500டி என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாவதும் அதற்கு மேலும்தான் வேண்டும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுவேன் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அப்புறம், வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபீஸில் லேன் வயரில் ஓடிய பெட்டி என்பதால் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது. இருந்தாலும் நம் ஊர்ப் பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரைத் தாண்டி சிக்னல் வர மூச்சு வாங்கும், முடிந்தால் வயரே இழுத்துவிடுங்கள். அடாப்டரையும் பாருங்கள். கடையில் கையில் கிடைத்ததைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்; வாட் குறைவாக இருந்தாலோ, மெஷின் அதை அடையாளம் காணவில்லை என்றாலோ சில பிராண்டுகள் ப்ராசசர் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும், நீங்கள் மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த அடாப்டரைத் திருப்பி அடியில் இருக்கிற பொடி எழுத்தையும் ஒருமுறை படியுங்கள். சிலவற்றில் ஒரு சின்ன மலைப் படமும் '2000 மீ' என்ற எண்ணும் இருக்கும். 2000 மீட்டர் உயரம் வரை பயன்படுத்தத்தான் இதை வடிவமைத்தோம் என்று அர்த்தம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, மெலிந்த காற்று மின்சாரத்தைத் தடுக்கும் சக்தியும் குறைகிறது, ஆகவே உள்ளே இடைவெளி கூடுதலாக விட வேண்டும். ஊட்டி சுமார் 2240 மீட்டர். குன்னூர்க்காரர்கள் தப்பித்தார்கள். அந்தக் குறி இருப்பதாலேயே அடாப்டர் வெடித்துவிடாது, பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்றால் அதைவிட அதிக உயரம் போட்டிருப்பதை எடுப்பேன்.

கரண்ட் விஷயத்தில்தான் இங்கே அதிகம் பேர் அடிபடுகிறோம். முதலாவது எர்த். பழைய வீட்டில் மூன்று துளை பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. மினி பிசியின் உலோக மூடியை விரலால் தடவினால் எறும்பு ஊர்கிற மாதிரி சுருசுருவென்று இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். எர்த் இல்லாவிட்டால், திடீரென்று எகிறுகிற கரண்டைத் தடுக்கிற ஸ்பைக் பஸ்டர் போர்டும் தன் வேலையை முழுசாகச் செய்யாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி பண்ணுங்கள். இரண்டாவது, தயவுசெய்து, ரூம் ஹீட்டரை அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள். 2000 வாட் ஹீட்டர் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண போர்டு ஆறு ஆம்பியருக்கானது. டிசம்பர் மாதம் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது, போர்டின் ஒரு மூலை ஜவ்வு மிட்டாய் மாதிரி உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்குத் தனி 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போகும், வரும், மறுபடி போகும். 600 விஏ யூபிஎஸ் ஒன்று மினி பிசிக்கும் மானிட்டருக்கும் தாராளம். ஆனால் மோடத்தை அதில் செருக மறந்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடுகிறது நெட் மட்டும் இல்லை என்று விழிக்கிற ஆள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற அடிப்படை செட்டிங்) கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு வசதி இருக்கும், அதை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் விளையாடுகிற அன்றைக்கு யூபிஎஸ் தீர்ந்த பிறகு மெஷினும் அதோடு சேர்ந்து பத்துத் தடவை எழுந்து எழுந்து விழும். சித்திரை, வைகாசி இடி மழையில் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவதே சரி.

ஈரம். கேமரா லென்ஸில் பூஞ்சை படிகிற ஊர் இது, பீரோவில் வைத்த பெல்ட்டே பச்சையாகிவிடும். மினி பிசியை ஜன்னலோரம் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், மதியம் மூடுபனி அப்படியே உள்ளே நடந்து வரும்போதுதான் தெரியும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த உலோகத்தின் மேல் ஈரக்காற்று பட்டால் குளிர்ந்த பால் ஊற்றிய பாத்திரம் மாதிரி வியர்க்கும். சமையலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம், கணப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், புகைக்கரி ஃபேனில் ஏறிவிடும். வேலை முடிந்ததும் ஸ்லீப்பில் விட்டாலும் பெட்டியில் கொஞ்சம் சூடு இருக்கும் என்பதால் மழைக்காலத்தில் நான் பகலில் முழுசாக அணைப்பதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மாசக்கணக்கில் கீழே போகிறவர்கள் மெஷினை டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டு மூடுங்கள், திரும்பி வந்ததும் அவசரப்பட்டு ஆன் பண்ணாமல் ஒரு நாள் காய விடுங்கள். மேலே பூவேலை செய்த துணியைப் போர்த்துகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம், காற்று போக வழி வேண்டும். எங்கள் வீட்டுப் பூனை அடாப்டர் மேல்தான் தூங்குகிறது, அதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் சில. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போகிற கேபிள் ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினால் படம் வராது. டைப்-சி துளை இருக்கிறது என்பதற்காக அதில் மானிட்டர் வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள், விவரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் பேட்டரியை மாற்றுவதற்கு முன், அதன் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகுகிற குட்டி ரிசீவர்) பக்கத்தில் நீல நிற யுஎஸ்பியில் ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா பாருங்கள், அந்த வேக யுஎஸ்பி எழுப்புகிற இரைச்சல் டாங்கிளின் அலைவரிசையிலேயே விழுகிறது; ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். கீபோர்டு ஒன்றாவது வயர் வைத்ததாக இருக்கட்டும், பயாஸுக்குள் போக ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் உதவாது. பழைய மெஷினில் பேங்க் தளம் உட்படப் பல தளங்கள் திறக்க மறுத்தால் தேதியைப் பாருங்கள், அது தப்பாக இருந்தால் உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி செத்திருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

எஸ்எஸ்டி மாட்டப் பெட்டியைத் திறந்தால் கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து வைக்கிற ஸ்க்ரூ அரிசி மணி அளவுதான் இருக்கும். என்னுடையது எங்கள் மரத்தரை இடுக்கில் விழுந்து இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, எஸ்எஸ்டியை இப்போதைக்கு ஒரு துண்டு டேப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.