வெளிநாட்டுத் தொலைக்காட்சியை ஊருக்குக் கொண்டுவருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரிலோ துபாயிலோ கடைக்குள் நுழைந்து விலை கேட்பதற்கு முன்பே, ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் கட்ட வேண்டிய சுங்க வரியைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் விடுப்பில் வருவோர் 35,000 ரூபாய் வரையிலான பொருள்களுக்குக் கிடைத்த வரிச்சலுகைக்குள் தொலைக்காட்சியையும் அடக்கிக் கொண்டுவந்தார்கள். அந்த வழக்கத்தை நம்பி இன்றும் வாங்கிவிட்டு வருந்துவோர் இருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 26 முதல் எல்சிடி, எல்இடி, பிளாஸ்மா ஆகிய தட்டைத்திரைத் தொலைக்காட்சிகளை அந்தச் சலுகையிலிருந்து இந்திய அரசு நீக்கியது. பயணிகள் உடன் கொண்டுவரும் பொருள்களுக்கான 2016ஆம் ஆண்டின் பயணப்பை விதிகளும் அதையே தொடர்ந்தன. சலுகைக்குள் வராத பயணப்பைப் பொருள்களுக்கு 35 விழுக்காடு வரியும், அந்த வரியின் மேல் 10 விழுக்காடு கூடுதல் வரியும் சேர்ந்து, மொத்தம் 38.5 விழுக்காடு பல ஆண்டுகளாக வாங்கப்பட்டு வந்துள்ளது. வரி விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

60,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டிக்கு இந்த விகிதத்தில் 23,100 ரூபாய் வரி வரும்; ஆக, பெட்டியின் அடக்கவிலை 83,100 ரூபாய். இதே அளவுத் திரை சென்னையிலோ திருச்சியிலோ என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று வீட்டாரைக் கேட்கச் சொல்லுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால், விடுப்பில் வந்து போகிறவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பதே என் உறுதியான கருத்து. குடும்பத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வரியாகவும் சுமைக்கூலியாகவும் கரையக் கூடாது.

வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புவோரின் நிலை வேறு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர்கள், அந்தக் காலத்தில் விடுப்பில் வந்த நாள்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டாமல் இருந்தால், குடியிருப்பு மாற்றச் சலுகையைக் கோரலாம் என்றும், அதன்கீழ் குடும்பத்துக்கு ஒரு தொலைக்காட்சியைச் சுமார் 15 விழுக்காடு வரியில் கொண்டுவரலாம் என்றும் 2016 விதிகள் வகுத்தன. ஏற்கெனவே அங்கே வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பெட்டியை விற்றுவிட மனமில்லாதவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும்.

இனி பெட்டியைப் பற்றி. பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் மின்னழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். 100-240 வோல்ட் அல்லது 220-240 வோல்ட் என்றிருந்தால் நம் ஊரின் 230 வோல்ட் மின்சாரத்தில் கவலையின்றி ஓடும். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய இடங்களில் வாங்குவோருக்கு மூன்று முனைச் செருகியை மாற்றுவது மட்டுமே வேலையாக இருக்கும். அமெரிக்காவில் விற்கும் பல பெட்டிகள் 110-120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றை நேரடியாகச் செருகினால் மின்சுற்று எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும். பெட்டி 150 வாட் எடுத்தால் 300 வாட் தாங்கக்கூடியதாக அது இருப்பது நல்லது.

டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கேபிளோ டிடிஎச்சோ இணைக்கும்போதுதான் அடுத்த சிக்கல் தெரியவருகிறது. நம் ஊர் செட்டாப் பாக்ஸ்கள் நொடிக்கு 50 (50 ஹெர்ட்ஸ்) என்ற கணக்கில் படத்தை அனுப்புகின்றன. அமெரிக்க ஒளிபரப்பு 60 என்ற கணக்கில் நடப்பதால், அந்தச் சந்தைக்கென்றே செய்த சில பெட்டிகள் 50 ஹெர்ட்ஸ் படத்தை ஏற்காமல் வெறும் திரையைக் காட்டும். இதை டிரான்ஸ்பார்மர் மாற்றித் தராது. ஆகவே வாங்குவதற்கு முன் அந்த மாடலின் கையேட்டைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து இறக்கி, செட்டாப் பாக்ஸை இணைக்கும் எச்டிஎம்ஐ வழியே ஏற்கும் படவடிவங்களின் அட்டவணையில் 1920 x 1080, 50 ஹெர்ட்ஸ் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் அந்தப் பெட்டியைக் கைவிட்டுவிடுங்கள். ஆண்டெனாவில் படம் வருமா என்ற கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் எழாது; செட்டாப் பாக்ஸ் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும். திரை பழுதானால் மாற்றும் செலவு புதுப் பெட்டியின் விலையை நெருங்கும் என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நாட்டுச் சந்தைக்கான பெட்டி என்பது மாடல் எண்ணிலேயே தெரிந்துவிடும்: சாம்சங் எல்இடி பெட்டிகளில் யூஏ (UA) என்று தொடங்குபவை ஆசியா உள்ளிட்ட பகுதிகளுக்கும், யூஎன் (UN) என்பவை வட அமெரிக்காவுக்கும் உரியவை. தமிழ்ச் செயலிகள் சில வெளிநாட்டுப் பெட்டியில் கிடைக்காமல் போனால், எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சி ஒன்று அந்தக் குறையைப் போக்கிவிடும்.

விமானத்தில் ஏற்றும் பயணப்பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டர் என்பதே பல விமான நிறுவனங்களின் வரம்பு. 32 அங்குலப் பெட்டியின் அட்டைப்பெட்டி அதற்குள் அடங்கிவிடும், 43 அங்குலம் அடங்காது. 55 அங்குலத்தில் திரையின் அகலமே 120 சென்டிமீட்டரைத் தாண்டும். பெரிய பெட்டியை ஏற்பார்களா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதை விமான நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்த்து, பழைய நுரையிலேயே மீண்டும் பொதிந்து, நிமிர்ந்த நிலையில் வைக்க வேண்டும் என்று நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டு ஒட்டுங்கள்.

இறங்கியதும் கடை ரசீதுடன், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்போருக்கான சிவப்பு வழியில் சென்று தாமாகவே அறிவித்து, வரி கட்டிய ரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அறிவிக்காமல் பச்சை வழியில் சென்று பிடிபட்டால் அபராதமும் பறிமுதலும் நேரலாம். பெட்டி நசுங்கியிருப்பது தெரிந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே விமான நிறுவனத்தின் மேசையில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் திரையில் கீறல் தெரிந்தால், பெட்டியைப் பெற்ற ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் புகார் சென்று சேர வேண்டும்.