ஓயாத குழந்தையும் ஒன்பதாம் மாடி வீடும்

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு ஏறுவதும் இழுப்பதும் கண்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பதும்தான் வேலை. அதைச் சேட்டை என்று கருதித் திருத்த முற்பட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் களைத்துப்போவார்களே தவிர, குழந்தை அடங்காது. "தொடாதே" என்று நேற்றுச் சொன்னதை இன்று அது திருப்பிச் சொல்லும், சொல்லிக்கொண்டே தொடும். ஆபத்தை உணர்ந்து தானாக விலகும் பக்குவம் இந்த வயதில் வருவதில்லை. சமையலும் அலுவலகமும் முதியோரைக் கவனிப்பதும் நாள்தோறும் இருக்கின்ற குடும்பத்தில் ஒருவர் எந்நேரமும் குழந்தையின் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கவும் முடியாது. ஆகவே முதலில் வீட்டை மாற்ற வேண்டும்; மாற்றிய பின்னும் எஞ்சியிருக்கும் ஆபத்துகளுக்கு, எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பதை வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்வதால், எதற்கும் முன்பாகச் சன்னல்களைத்தான் பார்க்க வேண்டும். வரவேற்பறைச் சன்னலுக்குக் கம்பி போட்டுவிட்டுச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்துச் சன்னலை அப்படியே விட்டுவிடும் வீடுகள் பல உண்டு. அங்கேதான் சலவை இயந்திரம் சன்னலை ஒட்டி நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு வாளியோ முக்காலியோ இருந்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது படிக்கட்டு. துணி காயப்போடும் மூங்கில் கழிகளை நீட்டுவதற்காகப் பெரியவர்கள் அந்தச் சன்னலை அடிக்கடி திறப்பார்கள் என்பதால், பூட்ட மறக்கப்படும் சன்னலும் அதுவாகவே இருக்கும். எல்லாச் சன்னல்களுக்கும் கம்பி வேண்டும். கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். திறக்கக்கூடிய கம்பிக் கதவுக்குப் பூட்டு வேண்டும். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடாமல், தீ விபத்து நேர்ந்தால் பெரியவர்கள் உடனே எடுக்கக்கூடிய ஓர் உயரமான ஆணியில் மாட்டிவைத்து, அந்த இடத்தை வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும். கொசுவலை குழந்தையின் எடையைத் தாங்காது. அதைத் தடுப்பாக எண்ணவே கூடாது. கட்டில், சோபா, பொம்மைப் பெட்டி ஆகியவற்றைச் சன்னலிலிருந்து தள்ளிப் போடுவதற்குக் காசு செலவில்லை; கம்பி போடுபவர் வரும்வரை காத்திராமல் இன்றே அதைச் செய்துவிடலாம்.

வெளித் தாழ்வாரத்திற்கும் இதே கணக்குத்தான். கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செருப்பு அலமாரியோ பூந்தொட்டியோ மிதிவண்டியோ இருந்தால் சுவரின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் பாம் ஷெல்டர் என்னும் வெடிகுண்டுக் காப்பறை இருந்தால், அதன் இரும்புக் கதவு குழந்தையின் விரலை நசுக்கிவிடும் கனமுடையது என்பதை நினைவில் வைத்து, அதை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். தொலைக்காட்சியையும் இழுப்பறை அலமாரியையும் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படிபோல் ஏறும்போது அலமாரி முழுவதுமாகக் குழந்தையின் மேல் கவிழும். நடைவண்டி என்று சொல்லிச் சக்கரம் வைத்த இருக்கையில் குழந்தையை உட்கார வைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கை எட்டாத அடுப்பையும் மேசை விரிப்பையும் எட்டச் செய்கிறது. கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனைக்குத் தடை விதித்தது.

நம் வீடுகளில் மிகக் கடினமான நேரம் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. வேலையிலிருந்து திரும்பியவர் குளிக்கப் போவார், சோறு கொதித்துக்கொண்டிருக்கும், பாட்டி விளக்கேற்றுவார், குழந்தை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தின் பளுவைக் குறைப்பதற்கான வேலைகளைக் காலையிலேயே செய்துவிடுவது நல்லது. காய்களை நறுக்கி வைத்து, குழம்பை முன்கூட்டியே செய்துவிட்டால் மாலையில் சூடுபடுத்துவது மட்டுமே மிஞ்சும். அடுப்பின் பின்புறத் தட்டைப் பயன்படுத்திப் பாத்திரத்தின் கைப்பிடியை உள்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். சமையலறை வாசலில் ஒரு தடுப்புக் கதவு போட்டால் அம்மாவையோ அப்பாவையோ குழந்தை பார்த்துக்கொண்டிருக்கலாம், உள்ளே வர முடியாது. சூடான காப்பியையோ ரசத்தையோ கையில் வைத்துக்கொண்டு குழந்தையை மடியில் அமர்த்தக் கூடாது. பெரியவர் நாக்குக்கு இதமான சூடு குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் புண்ணை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மஞ்சள், எண்ணெய், பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் சாமி மேடை. சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டவர்கள்கூடக் கற்பூரப் பெட்டியைக் கீழ்த்தட்டில் திறந்து வைத்திருப்பதைக் காண்கிறேன். கற்பூரம் பார்ப்பதற்குக் கற்கண்டுபோல் இருக்கிறது; சிறிதளவு விழுங்கினாலே சில நிமிடங்களில் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சளிக்கு மருந்தாக அதை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். குத்துவிளக்கைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தீபாவளி, கார்த்திகை நாள்களில் வாசலில் அகல் வரிசை எரியும்வரை ஒருவர் அங்கேயே நிற்கட்டும். பட்டுப்புடவைகளுக்கு நடுவே போடும் பூச்சி உருண்டையும் ஆபத்தானதே. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று பிறந்தவுடனே சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் கலந்த பூச்சி உருண்டைகளால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். குறைபாடு இல்லாத வீட்டிலும் அதை வைத்திருக்க எந்தத் தேவையும் இல்லை. தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரைகளும் நீரிழிவு மாத்திரைகளும் சாப்பாட்டு மேசையில் இருப்பதுதான் வழக்கம் என்றால், அந்த வழக்கத்தை மரியாதையோடு மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அவருடைய ஒரு மாத்திரை பேரக் குழந்தைக்குப் பெரிய அளவு.

உணவில் நிலக்கடலை, முந்திரி போன்றவற்றை முழுதாக ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். மீன் உருண்டையையும் அப்படியே. ரம்புத்தான், லோங்கான் பழங்களைக் கொட்டை நீக்கித்தான் தர வேண்டும். குழந்தை ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே போய் ஊட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உட்கார்ந்து உண்ணும் குழந்தைக்கு உணவு தொண்டையில் சிக்கும் வாய்ப்பு குறைவு என்பதால், அந்தப் பழக்கத்தை விடுவது நல்லது. தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் இசை ஒலிக்கும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் பொத்தான் மின்கலம் மிகக் கொடியது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் மட்டும் இருந்தாலும் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

குளியலறை வாளியில் சில அங்குலத் தண்ணீர் நின்றால்கூடத் தலைகுப்புற விழும் குழந்தையால் எழ முடியாது. டெங்கிக் கொசுவுக்காகத் தண்ணீரைத் தேங்கவிடாத வீடு இந்த விஷயத்திலும் பாதுகாப்பான வீடு.

இவ்வளவு செய்தபிறகும் கண்காணிப்பு தேவைதான், ஆனால் எப்படிக் கண்காணிக்கிறோம் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. அம்மா, அப்பா, பாட்டி, பணிப்பெண் என நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குழந்தை தனியாக இருக்கும் நிமிடங்கள் ஏராளம், ஏனெனில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். விருந்தினர் நிறைந்த நாளில் இது இன்னும் மோசமாகும். இதற்கு ஒரு வழி உண்டு: பொறுப்பை வாயால் சொல்லிக் கைமாற்ற வேண்டும். "அத்தை, நான் குளிக்கப் போகிறேன், பாப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு, "சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற பதில் வந்தபிறகே நகர வேண்டும். பதில் வராவிட்டால் பொறுப்பு இன்னும் கேட்டவரிடமே இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவர் அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடக் கூடாது, துணியை மடிக்கவும் கூடாது. பணிப்பெண்ணிடம் சமையல், சலவை, குழந்தை மூன்றையும் ஒரே நேரத்தில் ஒப்படைத்துவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமன்று. அவருக்குப் போதிய தூக்கமும் வார ஓய்வும் கிடைப்பது குழந்தையின் பாதுகாப்புக்கும் உரியது. பாட்டிக்கு முழங்கால் வலி என்றால், ஓடும் குழந்தையோடு அவரைத் தனியே விளையாட்டிடத்திற்கு அனுப்ப வேண்டாம். உட்கார்ந்து கதை சொல்லும் நேரத்தை அவருக்குக் கொடுக்கலாம்.

குழந்தையின் வேகத்துக்கு இடம் கொடுக்காத வீட்டில்தான் அது மேசைமேல் ஏறுகிறது. இந்த வயதில் ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரமாவது உடலசைவு தேவை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் உறக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழே உள்ள விளையாட்டிடத்தில் ஓடவிட்டால் பகல் தூக்கம் தானாக வரும். மதிய வெயிலில் சறுக்குமரம் சுடும் என்பதால் அந்த நேரத்தில் நூலகம் நல்லது. திரையைக் காட்டி அமைதிப்படுத்தும் ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் 18 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு உறவினரோடு காணொளியில் பேசுவதைத் தவிரத் திரையே வேண்டாம் என்பதும், அதற்குமேல் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்திற்குள் இருக்க வேண்டும் என்பதும் சுகாதார அமைச்சின் வழிகாட்டுதல்.

வெளியே போகும்போது, 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குக் காரில் தகுந்த குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, தனியார் வாடகை காருக்கு இல்லை. ஆகவே செயலியில் வண்டி அழைக்கும்போதே குழந்தை இருக்கை உள்ள வண்டியைக் கேட்க வேண்டும். பேருந்தில் 2017 முதல் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்படியைத் தவிர்த்து மின்தூக்கியில் செல்லுங்கள். நடைபாதையில் மிதிவண்டிகளும் வரும் என்பதால் குழந்தையை உள்பக்கமாகக் கைபிடித்து நடத்த வேண்டும்.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால் குழந்தைப் பராமரிப்பு நிலையம் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளாது. குடியுரிமை பெற்ற ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோர், ஒரே நிறுவனத்தில் மூன்று மாதமாவது வேலை செய்திருந்தால், ஆளுக்கு ஆண்டில் ஆறு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்புப் பெறலாம். அந்த நாள்களை இதற்கென்று சேமித்து வையுங்கள், இருவரும் மாறிமாறி எடுங்கள். இணையக் கூட்டத்தில் இருந்துகொண்டே நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்வது இரண்டு வேலைகளையும் கெடுக்கும்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். அதில் ஆம்புலன்சுக்கான 995, வீட்டின் புளோக் எண், கதவு எண், அஞ்சல் குறியீடு, பெற்றோரின் கைப்பேசி எண்கள், குழந்தையின் எடை, ஒவ்வாமை ஆகியவை இருக்கட்டும். பாட்டிக்காகத் தமிழிலும், பணிப்பெண் படிக்கக்கூடிய மொழியிலும் எழுதுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதையும், அந்தப் புட்டியையோ உறையையோ மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் அதே தாளின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.