மங்காவில் போர்க்களப் புகைப்படச் செய்தியாளரை வரைவது எப்படி

பை பையாகத் தைத்த மேலங்கி, கழுத்தில் சால்வை, நெஞ்சில் ஒரு கமரா. மங்கா என்னும் ஜப்பானியப் பாணிப் படக்கதையில் போர்க்களப் புகைப்படக்காரி என்றதும் பலர் இப்படித்தான் வரையத் தொடங்குகிறார்கள். அதில் வருவது உடுப்பு மட்டும்தான். அந்தப் படத்தை எடுக்க அவள் எவ்வளவு கிட்டப் போகவேண்டியிருந்தது என்பதே அவளைப் பாத்திரமாக்கும். அந்தத் தூரத்தை லென்ஸ்தான் தீர்மானிக்கும். ஆகவே உடுப்பை விட்டுவிட்டு லென்ஸிலிருந்து தொடங்குங்கள்.

35 மில்லிமீற்றர் ஃபிலிமின் ஒரு சட்டம் 36க்கு 24 மி.மீ. கமராவை நிமிர்த்திப் பிடித்து, ஓர் ஆளைத் தலையிலிருந்து கால்வரை சட்டம் நிறைய எடுக்க 28 மி.மீ. குவியத்தூர லென்ஸுக்குச் சுமார் ஒன்றரை மீற்றர் தூரத்தில் நிற்கவேண்டும். 50க்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர். 200க்குப் பத்து மீற்றர் அளவு. அழுகிற தாயைச் சட்டம் நிறையக் காட்டி, முன்னால் கை பெரிதாகவும் பின்னால் வீடு சிறிதாகவும் வரைந்தால் அது 28இன் பார்வை. அப்படியானால் பக்கத்தின் அடுத்த கட்டத்தில் (பெட்டியில்) அவள் அந்தத் தாய்க்குக் கைதொடும் தூரத்தில் நிற்கவேண்டும். அவளை மதிலுக்கு அப்பால் மறைத்து வரைந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் வாசிப்பவருக்குப் பக்கம் பொய்யாகத் தெரியும். 200 என்றால் எதிர்மாறு: பின்னணி முன்னே இழுபட்டு வரும், மங்கலாக இருக்கும், முகத்தின் அளவுகள் தட்டையாகும். அவள் தூரத்தில் குந்தியிருக்கலாம். பென்சில் கோட்டில் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் லென்ஸின் எண்ணைச் சின்னதாக எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது கதை நடக்கும் ஆண்டு. ஜப்பானியப் புகைப்படக்காரரை வியட்நாமில் வைப்பதற்கு உண்மையான முன்னோடிகள் உண்டு. சவாடா கியோயிச்சி 1965இல் எடுத்த, ஆற்றைக் கடந்து தப்பும் குடும்பத்தின் படத்துக்கு 1966இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1970இல் அவர் கம்போடியாவில் கொல்லப்பட்டார். அந்தக் காலம் என்றால் 1959இல் வந்த நிக்கோன் எஃப் அல்லது லைக்கா எம் வகை. எண்பதுகள் என்றால் நிக்கோன் எஃப்3. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எஃப்5. டிஜிட்டல் கமரா செய்தியாளர் கையில் பரவியது 1999இல் நிக்கோன் டி1 வந்த பிறகுதான். 1990இல் நடக்கும் கதையில் கமராவின் முதுகில் திரை வரைந்தால் கதை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். தொண்ணூறுகளின் மட்டக்களப்புக் கல்லடியில் பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். பக்கத்திலுள்ள புதிய பாலம் 2013இல்தான் திறக்கப்பட்டது.

கமராவைப் பிடிக்கும் விதத்தில்தான் அதிகம் பிழை வருகிறது. இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்து வரைகிறார்கள், அது கைத்தொலைபேசிப் பிடி. இடது உள்ளங்கை மேல்நோக்கி லென்ஸைத் தாங்கவேண்டும், பெருவிரலும் சுட்டுவிரலும் ஃபோகஸ் வளையத்தில் இருக்கவேண்டும். வலது சுட்டுவிரல் பொத்தானில். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்கும். குந்தினால் ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற முழங்காலில் இடது முழங்கையைத் தாங்கவைக்க வேண்டும். நிக்கோன் எஃப் போன்ற, நடுவில் கூம்பு உள்ள கமராவில் கண்வைக்கும் துளை நடுவில் இருப்பதால் மூக்கு முதுகில் நசுங்கும், முகம் பாதிக்கு மேல் மறையும். உணர்ச்சியைப் புருவம், நெற்றி, வாயோரம் மூன்றிலும்தான் காட்டமுடியும். லைக்காவில் துளை ஓரத்தில் இருக்கிறது. வலது கண்ணால் பார்ப்பவளின் இடது கண் வெளியே தெரியும். கண்ணை வைத்துக் கதை சொல்லும் மங்காவுக்கு இது பெரிய வசதி, லைக்காவைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம்.

ஜப்பானிய மங்காப் பக்கம் வலமிருந்து இடமாக ஓடும். நம் பக்கம் இடமிருந்து வலமாக ஓடுவதால், அதைப் பார்த்து வரைபவர்கள் படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிவிடுவதுண்டு. அப்போது பொத்தான் இடது கைக்குப் போய்விடும். மாதிரிப் படத்தைப் புரட்டினால் கமராவை மட்டும் திரும்ப வரையவேண்டும்.

கூம்புக் கமராவில் இன்னொரு விடயம் உண்டு, வரைபவருக்கு அது ஒரு வரம். பொத்தானை அழுத்தும் கணத்தில் உள்ளேயுள்ள கண்ணாடி மேலெழுந்து துளையை மறைக்கும். படம் பதிவாகும் அந்தக் கணத்தை எடுப்பவர் பார்ப்பதே இல்லை. எனவே அவள் பார்க்கும் கட்டம், முழுக் கறுப்பில் 10 மி.மீ. அகலச் சிறு கட்டம், பிறகு பதிவான படம் என்று மூன்றாக உடைத்துப் பாருங்கள். ஒலியைக் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையில் எழுதுங்கள்: நிக்கோனுக்குச் ‘சடக்’. லைக்காவில் கண்ணாடி இல்லை, கறுப்புக் கட்டமும் வராது, ஒலியும் மெல்லியது, ‘டிக்’ போதும்.

ஒரு சுருளில் 36 படம். அது முடியும் இடம் கதையில் பதற்றம் கூடுகிற இடம், அதை ஒரே கட்டத்தில் கடக்கவேண்டாம். நிக்கோன் எஃப் என்றால் வரிசை இது: பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை ‘R’ பக்கம் திருப்பி, இடது மேற்புறக் கைப்பிடியைச் சுற்றிச் சுருளை உள்ளே இழுத்தல், முதுகையும் அடியையும் ஒன்றாகக் கழற்றல், புதுச் சுருளின் நாக்கை வலப்பக்க உருளையில் செருகல், மூடி, இரண்டு வெற்றுப் படம் அடித்தல். கழற்றிய முதுகை எங்கே வைப்பாள்? கக்கத்தில் இடுக்குவாள். லைக்காவில் கழலுவது அடித்தட்டு, அதைப் பல்லில் கடித்துக்கொள்ளலாம். இந்த நேரத்தில் முன்னால் நடப்பது எதுவும் படமாகாது. கதையில் அவள் தவறவிடவேண்டிய ஒன்று இருந்தால் அதை இங்கே வையுங்கள்.

2006இல் வந்த ‘ஃபிளாக்’ என்ற அனிமே (ஜப்பானிய அசைபடம்) தொடரின் நாயகி சிராசு சாயெக்கோ ஒரு போர்க்களப் புகைப்படக்காரி. அந்தத் தொடரின் பெரும்பகுதி கமராக்களின் பார்வையாகவே காட்டப்படுகிறது. திரையில் அது தாங்கும். எட்டுப் பக்கத் தாள் கதையில் எல்லாவற்றையும் லென்ஸுக்குள் அடைத்தால் ஆள் காணாமல் போய்விடுவாள். மூன்றில் ஒரு கட்டம் அவள் பார்வையாக இருப்பது நல்ல அளவு என்பது எங்கள் தீர்ப்பு. அந்தக் கட்டங்கள் மட்டும் 3க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கட்டும். ஏ4 தாளில் உள்சட்டம் 150க்கு 220 மி.மீ. என்று வையுங்கள். படுக்கைப் புகைப்படம் 150க்கு 100. ஒரு பக்கத்தில் இரண்டு வைத்தாலும் 20 மி.மீ. மிச்சம் வரும். வரிசைகளுக்கிடையே 6 மி.மீ., ஒரே வரிசைக் கட்டங்களுக்கிடையே 2 மி.மீ. இடைவெளி விட்டால் கண் முதலில் பக்கவாட்டில் ஓடிப் பிறகு கீழே இறங்கும்.

வெளிச்சம் நம் மட்டக்களப்பில் எளிது, பிழைவிடுவதும் எளிது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். நிழல் காலடியிலேயே கிடக்கும், கண்குழியும் மூக்கின் அடியும் கறுக்கும். அந்த நேரம் நீள நிழல் போடாதீர்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) காலையில் வருபவர் வாவியின் மேற்கான படுவான்கரையிலிருந்து கிழக்கான எழுவான்கரையைப் பார்க்கிறார். சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். அவள் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பினால் ஆட்கள் கறுத்த உருவங்களாகத்தான் விழுவார்கள். மாலையில் எல்லாம் மறுபக்கம்.

தாள் சதுர மீற்றருக்கு 120 கிராமுக்குக் குறையக்கூடாது. 80 கிராம் கொப்பித் தாளில் மை ஊறிப் பரவும். கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மை நிப்பிலேயே காயும், அடிக்கடி துடைக்கவேண்டும். மாரியில் தாள் ஈரங்குடித்துக் கோட்டில் மயிர் விடும், தாளைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். மங்காவுக்குரிய ஜி நிப் (மையில் தோய்த்து வரையும் முனை) கிடைக்காவிட்டால் 0.2, 0.5, 0.8 மை பேனைகள் போதும். மைக்கழுவல் நிழல் வேண்டாம். போட்டோ கொப்பியில் அது திட்டுத்திட்டாக வரும், கோட்டால் நிழல் இடுங்கள்.

ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே போவதால் அவர்களின் பேச்சுக்கூடு நெட்டையானது. தமிழுக்கு அகலமான கூடு வேண்டும். முதலில் எழுத்து, பிறகு கூடு. எழுத்து 4 மி.மீ. உயரம் இருக்கட்டும். கொம்பும் சுழியும் முட்டாமல் வரிக்கு வரி 7 மி.மீ. விடுங்கள். பாத்திரங்கள் ஊர்ப்பேச்சே பேசட்டும். “புள்ள, என்ட மகன்ட முகத்த மட்டும் எடுக்காத” என்று ஒரு தாய் சொல்வதை ஏட்டுத் தமிழில் எழுதினால் செத்துவிடும். நாயகி ஜப்பானிய மொழியில் பேசும் கூட்டுக்கு இரட்டைக் கோடு போட்டால் மொழிபெயர்ப்பாளர் எப்போது தேவை என்பது தானாகவே விளங்கும்.

உண்மையான போர்ப் படங்களைத் தடவி வரையவேண்டாம். படம் எடுத்தவருக்கு உரிமை இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த முகத்தின் உறவுகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்றும் இருக்கிறார்கள், உங்கள் புத்தகம் அவர்கள் கைக்கும் போகும். நிற்கும் விதத்தை ஒரு படத்திலிருந்தும், முகத்தை முழுக் கற்பனையிலிருந்தும் எடுங்கள். சீருடைச் சின்னங்களையும் மாற்றிவிடுங்கள். இறந்தவரின் முகத்தைவிடக் கழன்று கிடக்கும் செருப்பும், ஒரு கையும், அதைப் பார்த்துக் கமராவைத் தாழ்த்தும் அவளும் போதும்.

அச்சுக்கு, ஏ4 மூலத்தை 71 வீதம் சுருக்கி, ஏ4 தாளை மடித்து ஏ5 புத்தகமாக்குவது மலிவு. சுருக்கும்போது 0.1 பேனைக் கோடு மறைந்துபோகும். எட்டுப் பக்கத்துக்கு இரண்டு தாள். முதல் தாளின் வெளிப்புறம் இடத்தில் 8, வலத்தில் 1, உட்புறம் 2, 7. இரண்டாம் தாள் 6, 3, மறுபுறம் 4, 5. நடுவில் 4ம் 5ம் மட்டும்தான் ஒரே தாளில் வெட்டுப்படாமல் சேரும். அவளுடைய அந்த ஒரு பெரிய படத்தை ஏ3 தாளில் 375க்கு 250 மி.மீ. அளவில் வரைந்து அங்கே வையுங்கள், மடிப்புக் கோட்டில் யாருடைய முகமும் விழாமல்.