ஏணியைச் சாத்தும் முன் கீழே பாருங்கள்

கட்டட வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் ஏணியைக் கொடுத்தால் எல்லோரும் சுவரின் உச்சியைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை ஏணி வழுக்குவது பெரும்பாலும் காலடியில்தான். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் டைல்ஸ் தரைமேல் ஏணியைச் சாத்தினேன். வழுக்கக் கூடாதே என்று சிமென்ட் சாக்கை மடித்து அடியில் வைத்தேன். வழுக்கியதே அந்தச் சாக்குதான். விழுந்தது ஆறடி உயரத்திலிருந்துதான், ஆனாலும் ஒன்றரை மாதம் கரண்டி பிடிக்க முடியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஏணியைத் தரையில் படுக்கப் போட்டு ஒவ்வொரு படியாகப் பாருங்கள். மூங்கில் ஏணி என்றால் கணுவுக்குக் கணு தட்டுங்கள். வண்டு துளைத்த மூங்கிலிலிருந்து பவுடர் போல மாவு உதிரும். அதை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். கயிற்றுக் கட்டு நெகிழ்ந்திருந்தால் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள். பெயின்ட் அடித்த மர ஏணியை நான் வாங்கவே மாட்டேன், விரிசல் இருந்தாலும் தெரியாது. அலுமினிய ஏணியில் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தரை. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும், கயத்தாறு தாண்டி மழை பெய்த கரிசலிலும் ஏணிக்கால் மெல்லப் புதையும். கெட்டியான அகலப் பலகையைப் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். தரை ஒரு பக்கம் மேடாக இருந்தால் பள்ளத்துக் காலுக்குச் செங்கல் வைக்காதீர்கள். மேட்டைக் கொத்தி இறக்குங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் சோம்பல் வருவது அங்கேதான்.

தூக்கி நிறுத்தும் முன் ஒரு தடவை மேலே பாருங்கள். தெருவில் கரண்ட் கம்பி போகிறதா? அலுமினிய ஏணி கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டே போனாலே ஆபத்து. ஈர மூங்கிலையும் நம்பாதீர்கள்.

சாய்வுக்குக் கணக்கு உண்டு: நாலடி உயரத்துக்கு ஓரடி. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரம் என்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். டேப் இல்லையா? ஏணிக்காலில் பாதவிரல் படும்படி நிமிர்ந்து நின்று கைகளை நேரே நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சாய்வு சரி. மொட்டை மாடிக்கு ஏறுவதானால் ஏணி கைப்பிடிச் சுவருக்கு மேல் மூன்றடியாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேல்முனையைக் கயிற்றால் கட்டும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் செல்போன் பார்க்கிறவராக இருந்தால் ஆளை மாற்றுங்கள்.

அப்புறம் ஏறுங்கள். கைலியை ஏற்றிக் கட்டி, வழுக்குகிற செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணியைப் பார்த்தபடி ஏறுங்கள். இரண்டு காலும் ஒரு கையுமோ, இரண்டு கையும் ஒரு காலுமோ எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். அப்படியானால் சாந்துச் சட்டியை எப்படிக் கொண்டுபோவது? கொண்டுபோகாதீர்கள், மேலே போய்க் கயிறு விட்டு இழுங்கள். எட்டிப் பூசும்போது அரைஞாண் முடிச்சு இரண்டு ஏணிக்கால்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். அது வெளியே போகிறது என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். கடைசி மூன்று படிகள் நிற்பதற்கு இல்லை, பிடிப்பதற்கு.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கிற காற்றில் கட்டாத ஏணி நிற்காது. தென்காசியில் சாரல் விழுந்தால் படியைத் துடைக்காமல் கால் வைக்காதீர்கள். முழுச் சுவரும் பூச வேண்டுமென்றால் ஏணியே வேண்டாம், சாரம் கட்டுங்கள். கூலி கூடும் என்று வீட்டுக்கார அண்ணாச்சி முனகுவார், முனகட்டும்.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஏணியைப் படுக்கப் போட்டுவிட்டுப் போங்கள். நிறுத்தி வைத்த ஏணியைப் பார்த்தால் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் சும்மா இருக்காது.