பிரவுசிங் சென்டரில் முதல் வேலை

தண்டையார்பேட்டையோ வண்ணாரப்பேட்டையோ, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்ததும் குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பாக ஒரு இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும்; வேலையை அதிலேயே முடியுங்கள். அப்புறம் குக்கீக்கு, அதாவது உங்களை அடையாளம் காணத் தளம் கணினியில் வைக்கும் சின்னக் குறிப்புக்கு, சம்மதம் கேட்கும் பெட்டியில் மறுக்கும் பொத்தானைத் தேடி நேரத்தை விட வேண்டாம். அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினால் குக்கீ, லாகின் இரண்டுமே கணினியிலிருந்து போய்விடும். ஒன்று திறந்திருந்தாலும் போகாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கடை கணினியில் அதற்கெல்லாம் யார் உட்கார்ந்திருப்பது?

ஆனால் லாகின் செய்த தளத்திடமிருந்து இந்த ஜன்னல் எதையும் மறைக்காது, உங்கள் கணக்கில் எல்லாம் பதிவாகும். இறக்கிய ஆதார் பிடிஎஃப்பும் டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். அதை நீங்களே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.