மும்பையில் பழ மஃபின் ஏன் சொதசொதவென்று ஆகிறது?

டிசம்பர் பிறந்ததும் மாட்டுங்கா மார்க்கெட்டில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி வந்து இறங்கும். வீட்டில் பிள்ளைகள் மஃபின் கேட்பார்கள். மேலே அழகாகத்தான் உப்பியிருக்கும். பிட்டுப் பார்த்தால் பழமெல்லாம் அடியில், சுற்றிலும் களி. செய்முறைக் குறிப்பைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான்.

ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதைக் கழுவிய கையோடு நறுக்கிப் போட்டால் எப்படி? முழுப்பழமாகவே கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போன பிறகு நறுக்குங்கள். கொண்டைக்கடலை அளவு போதும். பெரிய துண்டுகள் கனத்தில் மூழ்கிவிடும். சர்க்கரை தூவி வைக்க வேண்டாம், சாறெல்லாம் வெளியே வந்துவிடும். அன்னாசி என்றால் வாணலியில் நீர் வற்ற வதக்கி, ஆறவைத்துச் சேர்க்கலாம். பழத்தில் ஒரு ஸ்பூன் மைதா புரட்டுவது ஓரளவு உதவும். ஆனால் கலவையே நீர்த்திருந்தால் அதுவும் கைகொடுக்காது. கரண்டியிலிருந்து கலவை ஒழுகாமல், தொப்பென்று விழ வேண்டும்.

வாழைப்பழத்தையும் சப்போட்டாவையும் மசித்துச் சேர்ப்பதால் அங்கே கணக்கு வேறு. 'இன்னும் ரெண்டு பழம் மிச்சம் இருக்கே' என்று அதையும் மசித்துப் போடுகிறோமே, அப்போது பாலைக் குறைக்க மறந்துவிடுகிறோம்.

மைதாவில் ஈரம் பட்டுக் கலக்கக் கலக்க அதிலுள்ள க்ளூட்டன் என்ற புரதம் இறுகும், மஃபின் ரப்பராகிவிடும். மாவு அடிக்கும் பீட்டர் மெஷின் வேண்டாம். மாவின் வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கட்டியில்லாமல் கரைத்தே பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், இருந்தாலும் சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் பேக்கிங் பவுடர் மேல் ஒரு கண் வேண்டும். திறந்த டப்பா ஈரக்காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும். சுடுதண்ணீரில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள். அது தீர்ந்துவிட்டது என்று அதே அளவு சமையல் சோடா போடக் கூடாது. சோடாவின் வீரியம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு; அது வேலை செய்யத் தயிர் மாதிரி புளிப்பும் வேண்டும். நாவல்பழ மஃபினில் சோடா கூடினால் அந்த ஊதா நிறம் பச்சையும் நீலமுமாக மாறிவிடும். சாப்பிடலாம், ஆனால் யார் தொடுவார்கள்?

ஓடிஜியை (வீட்டு மின்சார ஓவனை) 190 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது முன்கூட்டியே சூடாக்குங்கள். கலவையைத் தட்டில் ஊற்றிவிட்டுப் பிறகு ஓவனைப் போடுவது வீண். திருகில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி வைத்தால் நல்லது. வெந்ததா என்று குச்சியால் குத்தும்போது அது பழத்தில் பட்டால் ஈரமாகத்தான் வரும், வேறு இடத்தில் குத்துங்கள்.

எடுத்த 5 நிமிடத்தில் தட்டிலிருந்து கழற்றிக் கம்பித்தட்டில் வையுங்கள். இல்லையென்றால் ஆவி இறங்கி அடி நசநசத்துவிடும். அப்புறம் முழுக்க ஆறிய பிறகே டப்பா. மீந்தால் ஃப்ரீசரில் வைக்கலாம். சாதாரண ஃப்ரிட்ஜில் சீக்கிரம் வறண்டுவிடும்.