வேலிக்கு இந்தப் பக்கம்: ஜூனியர், காலேஜ் டென்னிஸில் பெற்றோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஜூனியர் டோர்னமென்ட் பெரும்பாலானவற்றில் கோர்ட்டுக்கு ஒரு அம்பயர் என்றெல்லாம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு கோர்ட்டுக்கு ஒன்றிரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு சுற்றி வருவார்கள், அவ்வளவுதான். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று ஆடுகிற பிள்ளைகளே சொல்லிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பெற்றோர் வாய் திறக்கக் கூடாது.

நான் வாய் திறந்ததில்லை. கையால் பேசினேன். பையன் ஒரு பாயின்ட் விட்டதும் வேலிப்பக்கம் திரும்பிப் பார்ப்பான். நான் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டுவேன், ‘பொறுமை’ என்று. நல்ல ஷாட் அடித்தால் தலையாட்டுவேன். எதிர்ப்பக்கப் பையன் சந்தேகமான பந்தை ‘அவுட்’ என்றால் என் முகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், காலேஜ் கோச்சாக இருந்து ஓய்வுபெற்றவர், மேட்ச் முடிந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பையன் ஒரு செட்டில் முப்பது தடவை உங்களைத் திரும்பிப் பார்த்தான். காலேஜ் டீமில் எடுத்தால் உங்களையும் சேர்த்தே எடுக்கணுமா?”

அன்று கோபம்தான் வந்தது. அதற்கப்புறம் மூன்று நான்கு வருஷம் கோச்சுகளிடம் கேட்டும், ஜூனியர் டென்னிஸையே தொழிலாகப் பின்தொடர்ந்து எழுதும் பத்திரிகையாளர்களைப் படித்தும் புரிந்துகொண்டேன்: எங்கள் வீட்டில் நடந்த தவறுகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். பிள்ளை செய்ய வேண்டியதை நாம் செய்துவிடுகிறோம்.

முதலில் ரேட்டிங். யு.டி.ஆர். (யுனிவர்சல் டென்னிஸ் ரேட்டிங்) என்பது ஆடுபவரின் திறமையைக் காட்டும், 1 முதல் 16.5 வரை போகும் ஓர் எண். கடைசி 12 மாதத்தில் ஆடிய 30 மேட்ச் வரை எடுத்துக்கொள்ளும். ஜெயித்தோமா தோற்றோமா என்பதோடு நிற்காது. எதிராளியின் ரேட்டிங் என்ன, அவரிடம் எத்தனை கேம் எடுத்தோம் என்றும் பார்க்கும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் உலக டென்னிஸ் எண் இதற்கு நேர் எதிர்: 40இல் தொடங்கி 1 வரை இறங்கும், குறையக் குறைய நல்லது. (இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘என் பொண்ணு 20’ என்று பெருமைப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது நானேதான், பெரியவள் விஷயத்தில்.)

பிரச்சினை எண்ணில் இல்லை, அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவதில்தான். டிரா, அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல், வந்ததும் வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாமார்கள் கணக்குப் போடுவார்கள். முதல் சுற்றில் ரேட்டிங் குறைந்த, ஆனால் வேகமாக வளர்ந்து வரும் சின்னப் பையன் ஒருவன். இவனிடம் தோற்றால் எண் இறங்கும். சனிக்கிழமை காலை பிள்ளைக்கு முட்டி வலி வந்துவிடும். நாங்களும் ஒருமுறை அப்படி முட்டி வலியை வரவழைத்தோம். கோச்சுகளோ எண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்பதில்லை, அதற்குக் கீழே இருக்கும் மேட்ச் பட்டியலுக்குப் போகிறார்கள். யாரிடம் விலகினான், மூன்றாவது செட்டுகளில் என்ன ஆனது, தன்னைவிடக் கீழே இருப்பவர்களோடு ஆட வருகிறானா என்பதெல்லாம் அங்கே திறந்து கிடக்கிறது.

இதற்குப் பக்கத்துத் தவறு, தோற்றவர்களுக்காகத் தனியாக நடக்கும் பேக் டிராவை (கன்சொலேஷன் டிரா என்றும் சொல்வார்கள்) விட்டு ஓடுவது. மிச்சிகன் மாநிலத்துக் கலாமசூவில் ஆகஸ்ட் மாதம் 16, 18 வயதுப் பையன்களுக்கான தேசியப் போட்டி நடக்கும். 1943 முதல் அங்கேதான். 18 வயதுப் பிரிவில் பட்டம் வெல்பவருக்கு யு.எஸ். ஓபன் மெயின் டிராவில் வைல்ட் கார்டு, அதாவது தகுதிச் சுற்று ஆடாமலே நேரடி இடம், கிடைக்கும் என்பதால் நமக்கெல்லாம் ஃபைனல் மட்டும்தான் கண்ணில் படும். வருஷா வருஷம் அங்கே உட்கார்ந்து எழுதும் கோலெட் லூயிஸ் போன்ற பத்திரிகையாளர்களை ஒழுங்காகப் படித்தால் வேறொரு போட்டியும் நடப்பது தெரியும். தோற்றவர்கள் கன்சொலேஷன் டிராவில் தொடர்ந்து ஆடுகிறார்கள். நேற்று மத்தியானம் மூன்று மணி நேரம் போராடித் தோற்றவன், இன்று காலை எட்டு மணிக்கு, கைதட்ட ஆளில்லாத கடைசிக் கோர்ட்டில் எப்படி வந்து நிற்கிறான்? காலேஜ் சீசன் பெரும்பாலும் இப்படிப்பட்ட காலைகளால் ஆனது என்பது கோச்சுகளுக்குத் தெரியும். நாமோ தோற்ற அன்றைக்கே ஹோட்டலைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடுகிறோம்.

சரி, யாரிடம் ஆலோசனை கேட்பது? இங்கேயும் ஒரு தவறு உண்டு. ஒருவருக்கு டென்னிஸ் தெரியும் என்பதால் டென்னிஸில் எல்லாமே தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். புரொஃபஷனல் டூர் ஆடிய முன்னாள் வீரருக்கு ஃபோர்ஹேண்டில் எங்கே கோளாறு என்று நொடியில் தெரியும்; காலேஜ் அட்மிஷன் விதிகள் அவர் ஆடிய காலத்தோடு நின்றுபோயிருக்கலாம். அகாடமி நடத்துபவர், பிள்ளையை ஸ்கூலை விட்டு எடுத்து ஆன்லைனில் படிக்க வைக்கச் சொன்னால், காலியாக இருக்கும் அவருடைய பகல் நேரக் கோர்ட்டுகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு காலேஜ் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுகள் சிலர் நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் நூறு கோச்சுகளுக்கு ஒரே மெயிலை அனுப்புவதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் எதற்கு? பத்திரிகையாளரின் பலம், அவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார் என்பது. அவர் எழுதும் 14 வயது அதிசயப் பிள்ளையின் கதையை நம் வீட்டுக்குத் திட்டமாக எடுத்துக்கொள்வது நம் தவறு. அதே போட்டிகளில் ஆடி, பிறகு பெயரே வராமல் போனவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை வராது.

கோச்சுக்கு மெயில் எழுதுவது யார் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். பிள்ளை எழுத வேண்டும். இலக்கணப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கூல் முடிக்கும் வருஷம், ரேட்டிங், மார்க், அடுத்த இரண்டு மாதத்தில் ஆடப்போகும் போட்டிகள், ஒரு வீடியோ: இது போதும். அப்பா எழுதிய மெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதினாறு வயதுப் பையன் யாரும் ‘தங்கள் மேலான பரிசீலனைக்கு’ என்று எழுத மாட்டான். வீடியோவும் அப்படித்தான். பாட்டுப் போட்டு, வின்னர்களை மட்டும் வெட்டி ஒட்டினால் கோச்சுக்கு ஒன்றும் தெரியாது. பேஸ்லைனுக்குப் பின்னால் ஸ்டாண்டில் போனை வைத்து ஒரு முழு செட்டை எடுங்கள். டபுள் ஃபால்ட்டும் இருக்கட்டும். அதற்கு அடுத்த இருபது நொடியில் பிள்ளை என்ன செய்கிறான் என்பதுதான் அவர்கள் பார்க்க விரும்புவது.

அப்புறம் ஸ்காலர்ஷிப். ‘டென்னிஸ் ஆடினால் காலேஜ் ஃப்ரீ’ என்ற பேச்சு நம் ஊர் விருந்துகளில் சுற்றுகிறது. 2024-25 வரை, அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மேல்நிலைப் பிரிவு டிவிஷன் 1இல் ஆண்கள் அணி ஒன்றுக்கு உச்சவரம்பு நாலரை ஸ்காலர்ஷிப். அந்த நாலரையை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பெண்கள் அணிக்கு 8 முழு ஸ்காலர்ஷிப். காலேஜ் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 10 பேர் என்ற வரம்பு வந்தது. பத்துப் பேருக்கும் பணம் கொடுக்கலாம் என்பதுதான் அனுமதி. கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. இடமும் குறைந்திருக்கிறது. டிவிஷன் 1 டென்னிஸில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள். வேறு காலேஜிலிருந்து மாறி வரும் 22 வயதுக்காரரோடும் உங்கள் 18 வயதுப் பிள்ளை போட்டி போட வேண்டும்.

டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்று கேட்டதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். எமரி, சிகாகோ, வில்லியம்ஸ், டஃப்ட்ஸ் எல்லாம் டிவிஷன் 3தான். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இருக்கும் ஐவி லீக் டிவிஷன் 1இல் ஆடினாலும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. குடும்ப வருமானத்தையோ படிப்பையோ வைத்துக் கிடைக்கும் உதவி, சில வீடுகளுக்கு டென்னிஸ் பணத்தைவிட அதிகமாகவே வரும். அணியே காணாமல் போவதும் உண்டு. 2020இல் அயோவா பல்கலைக்கழகம் ஆண்கள் டென்னிஸை நிறுத்துவதாக அறிவித்தது, மினசோட்டாவும் அப்படியே. நாளைக்கு ராக்கெட்டைத் தொடாவிட்டாலும் இந்தக் காலேஜில் படிப்பாயா என்று பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குத் தேதிக் கணக்கு இன்னும் முக்கியம். பன்னிரண்டாவது முடித்ததும் ‘ஒரு வருஷம் டூர் ஆடிப் பார்க்கட்டும், அப்புறம் காலேஜ்’ என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். டென்னிஸுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த விதி, ஸ்கூல் முடித்த 6 மாதத்துக்குள் காலேஜில் சேர வேண்டும் என்பது. தாண்டிப் போட்டிகளில் ஆடினால் காலேஜில் ஆடக்கூடிய சீசன்கள் குறையும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே 16 முக்கியப் பாடங்களின் மார்க்கைக் கணக்கில் எடுக்கிறார்கள். டிவிஷன் 1க்கு அதில் சராசரி 4க்கு 2.3 வேண்டும். பரிசுப் பணத்துக்கும் வரம்பு வைத்திருந்தார்கள், அதை எதிர்த்து 2024இல் ஒரு வீராங்கனை வழக்கே போட்டார். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருஷம் முன்பு செய்ததைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்து, அந்த வருஷத்து விதியை அங்கேயே பாருங்கள்.

காலேஜுக்குப் போனால் புரொஃபஷனல் கனவு முடிந்தது என்பதும் பழைய கதை. 2007 என்.சி.ஏ.ஏ. சிங்கிள்ஸ் ஃபைனலில் ஜார்ஜியாவின் ஜான் இஸ்னரை மூன்றாவது செட் டை-பிரேக்கில் வீழ்த்தியவர், சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன். வர்ஜீனியாவுக்காக ஆடி 2008இலும் பட்டத்தைத் தக்கவைத்தார். நாலு வருஷம் காலேஜில் ஆடிய அந்த இஸ்னர் பிறகு உலகத் தரவரிசையில் 8 வரை போனார். பென் ஷெல்டன் 2022இல் ஃப்ளோரிடாவுக்காகப் பட்டம் வென்றவர். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓபனுக்காகப் போனதுதான் அவர் அமெரிக்காவை விட்டு வெளியே போன முதல் பயணம். அங்கே காலிறுதி வரை வந்தார். பதினான்கு வயதில் ஜூனியர் பாயின்டுக்காக நாடு நாடாக அலைய வைக்கும் பெற்றோர் இதை ஒருமுறை யோசிக்கலாம். மதுரைக்காரரான தட்சிணேஸ்வர் சுரேஷ் ஆடிய வேக் ஃபாரஸ்ட் 2025இல் தேசியப் பட்டம் வென்றது. அதே வருஷம் செப்டம்பரில் சுரேஷ் இந்திய டேவிஸ் கோப்பை அணிக்கு வந்து, சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரை அவர் மண்ணிலேயே தோற்கடித்தார்.

ஆட்டத்துக்கு வருவோம். டபுள்ஸை நம் வீடுகளில் தொட்டுக்க ஊறுகாய் மாதிரிதான் வைத்திருக்கிறோம். காலேஜில் இரண்டு அணிகள் மோதும்போது மொத்தம் 7 பாயின்ட். முதலில் மூன்று டபுள்ஸ், ஒவ்வொன்றும் ஒரே செட். இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு பாயின்ட். பிறகு ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்ட். முதலில் 4 எடுக்கும் அணிக்கு வெற்றி. அட்வான்டேஜ் கிடையாது, 40-40 ஆனால் ஒரே பந்துதான் தீர்ப்பு, எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் செய்பவர் முடிவு செய்வார். பேஸ்லைனில் நின்று மணிக்கணக்காகப் பந்தைத் திருப்பிப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இது வேறு விளையாட்டு மாதிரி இருக்கும். நெட்டுக்கு வரத் தெரிந்த, செகண்ட் சர்வைப் பயப்படாமல் போடுகிற, ஏழாவது ஆளாக உட்கார்ந்தாலும் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைக்கு அரைப் புள்ளி ரேட்டிங் குறைந்தாலும் இடம் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றி ஒன்று மட்டும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு: வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு இருபது மணி நேரம் போட்டு, சர்வ் போடும்போது அடிமுதுகு வலிக்கிறது என்றால் ‘சும்மா சொல்றான்’ என்று விடாதீர்கள். வளரும் வயதில் முதுகெலும்பில் விரிசல் விழுவது டென்னிஸில் புதிதல்ல.

எங்கள் பையன் விஷயத்தில் அந்தப் பெரியவரின் கேள்வி வேலை செய்ய இரண்டு வருஷம் பிடித்தது. முதலில் வேலியை விட்டு ஸ்டாண்டின் மேல் படிக்குப் போனேன். அவன் அங்கேயும் தேடினான். பிறகு கோர்ட் தெரியாத இடத்தில் பேப்பர் படித்தேன், படிப்பதுபோல நடித்தேன். பதினேழு வயதில் ஒரு காலேஜைப் பார்க்கப் போனோம். கோச் இல்லாத நேரத்தில் அணிப் பிள்ளைகளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன்: ஆறாம் இடத்தில் ஆடுபவன் கடைசி மேட்ச்சைத் தோற்ற அன்று பஸ்ஸில் என்ன நடக்கும், லேப் வகுப்பும் பயிற்சியும் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது, போன வருஷம் விலகியவர்கள் எதற்காக விலகினார்கள். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினேன். அவன் பட்டியலை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொன்னான், “அப்பா, நீங்க கார்லயே இருங்க.”

நாற்பது நிமிஷம் இருந்தேன்.